கேட்போர் என்னும் உறுப்பு: கலையையும் அறிவியலையும் பொருளாகக் கொண்ட மூன்று தமிழ்ச் சிறுகதைகள்

முன்னுரை

1959ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சி. பி. ஸ்நோ ஆற்றிய 'இரு பண்பாடுகள்' என்னும் உரை மேலை அறிவுலகில் நெடிய விவாதத்தைத் தோற்றுவித்தது. இயற்பியல் பயின்றவரும் நாவலாசிரியருமான ஸ்நோ, இலக்கியவாணரும் அறிவியலாரும் ஒருவர் மொழியை ஒருவர் அறியாத இரு கூட்டத்தாராகப் பிரிந்து நிற்கின்றனர் என்று வருந்தினார். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை விளக்க வல்லார் இலக்கியம் கற்றோரிடையே உளரோ என்பது அவர் எழுப்பிய புகழ்பெற்ற வினா. மூன்றாண்டுகளுக்குப் பின் எஃப். ஆர். லீவிஸ் கடுமையாக மறுத்துரைத்தார். அவ்விருவரும் முரண்பட்டாலும் ஒன்றில் உடன்பட்டிருந்தனர்: பிளவு கற்றவர்க்கும் கற்றவர்க்கும் இடையில் உள்ளது என்பதே அது.

தமிழ்ச் சிறுகதையாசிரியர் கலையையும் அறிவியலையும் பொருளாகக் கொண்டபோது வேறொரு பிளவைக் கண்டனர் என்பது இக்கட்டுரையின் கருத்து. சிற்பிக்கும் மருத்துவருக்கும் இடையே உள்ள தொலைவு அவர்களைப் பெரிதும் வருத்தவில்லை. சிலைக்கு முன் நிற்பவனுக்கும் மருத்துவருக்கு முன் நிற்பவளுக்கும் என்ன நேர்கிறது என்பதையே அவர்கள் நோக்கினர். இதனை ஆராயப் புதுமைப்பித்தனின் 'சிற்பியின் நரகம்', தி. ஜானகிராமனின் 'செய்தி', சுஜாதாவின் 'நகரம்' ஆகிய மூன்று கதைகள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. மூன்றும் பரவலாகப் படிக்கப்பட்டவை. மூன்றையும் ஒருசேர வைத்துப் படிக்கும்போது புலப்படுவதே இக்கட்டுரையின் பொருள்.

இவ்வாய்வுக்குரிய கருவியை வெளியே தேட வேண்டியதில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்குரிய உறுப்புகள் 34 எனத் தொகுக்கிறது. எழுத்து, அசை, சீர், அடி என்னும் வடிவக்கூறுகளோடு கூற்று, கேட்போர், களன், காலம் ஆகியனவும் அவற்றுள் அடங்கும். கேட்பவரைச் செய்யுளுக்குப் புறம்பானவராகக் கருதாமல் அதன் உறுப்பாகவே எண்ணிய மரபு நம்முடையது. உறுப்புக் குறைந்தால் உடல் ஊனமுறும். அவ்வாறே கேட்போரை இழந்த கூற்று எவ்வளவு சிறப்புடையதாயினும் ஊனமுற்றதே. அகப்பாடலுக்குச் சொல்லப்பட்ட இவ்விலக்கணத்தைக் கலைக்கும் அறிவியலுக்கும் நீட்டிப் பார்க்க இயலுமா என்பதே நம் முன் உள்ள வினா.

1. கேட்போர் இல்லாத சிலை

மணிக்கொடிக் காலத்துப் புதுமைப்பித்தன் (1906–1948) எழுதிய 'சிற்பியின் நரகம்' காவிரிப்பூம்பட்டினத்தைக் களமாகக் கொண்டது. சாத்தன் என்னும் சிற்பி, பைலார்க்கஸ் என்னும் யவனன், ஒரு துறவி ஆகியோர் அதன் மாந்தர். சாத்தன் தன் வாழ்நாள் உழைப்பெல்லாம் திரட்டி ஆடும் கூத்தனின் வடிவைச் சமைத்திருக்கிறான். துறவியின் நோக்கு சமயம் சார்ந்தது. கடவுள் நம்பிக்கையற்ற யவனனின் நோக்கு அழகைச் சார்ந்தது. சிலை கோயிலுக்குரியதாகிறது. அதன்பின் சாத்தன் காணும் தீக்கனவே கதையின் உச்சம். கருவறை இருளில் மனித நிழல்கள் வந்தவண்ணம் உள்ளன. அனைவரும் வீடுபேற்றை வேண்டுகின்றனர். ஒருவரும் தலைநிமிர்ந்து சிலையைப் பார்க்கவில்லை. தான் படைத்ததைத் தானே அழிக்கத் துணியும் எல்லைவரை அக்கனவு சிற்பியைத் தள்ளுகிறது.

இக்கதையில் ஒரு காலமுரண் உண்டு. யவனர் உலவிய காவிரிப்பூம்பட்டினம் சங்க காலத்தது. நாம் இன்று அறியும் ஆடல்வல்லானின் உலோகத் திருவுருவம் சோழப் பேரரசின் காலத்தில் முழுமை பெற்றது. இதனைப் பிழை என்று தள்ளுவது எளிது. யவனன் ஒருவனைச் சிலையின் முன் நிறுத்த வேண்டிய தேவை ஆசிரியருக்கு இருந்தது என்று கொள்வதே பொருத்தமாகும். வழிபடும் கண் ஒன்று, பார்க்கும் கண் ஒன்று என இரண்டும் ஒரே சிலையின் முன் நிற்கின்றன. அவற்றுள் எது கலைக்குரிய கண் என்று கதை வினவுகிறது.

பக்தியைப் பழித்து அழகுணர்வைப் போற்றும் கதையாக இதனைப் பலர் படிப்பர். அது பாதி உண்மையே. வீடுபேறு வேண்டி வந்தவர்களைக் குற்றவாளிகளாகக் காண்பது சாத்தனின் கனவு. கதை அக்கனவுக்கு 'நரகம்' என்று பெயரிடுகிறது. தன் படைப்பைத் தான் விரும்பியவாறே பிறர் காண வேண்டும் என்ற வேட்கையும் அந்நரகத்தின் ஒரு பகுதியன்றோ? கேட்போர் இல்லாமையால் சிற்பி துன்புறுகிறான் என்பது உண்மை. முன் நிற்பவர் எதற்காக வந்தனர் என்று அவன் கேட்கவில்லை என்பதும் அதே அளவு உண்மை.

இக்கதையை என் மாணவருக்குக் கற்பிக்கும்போது மற்றொரு சிலையை நினைவூட்டுவது வழக்கம். ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் எனப்படும் ஐரோப்பிய அணு ஆய்வு மையத்தில், இந்தியா அன்பளிப்பாக வழங்கிய இரண்டு மீட்டர் உயர ஆடல்வல்லான் சிலை 2004இல் நிறுவப்பட்டது. துகள்களின் இயக்கத்தை ஆராய்வோர் அதனைக் கடந்து பணிக்குச் செல்கின்றனர். அங்கே அச்சிலைக்குப் பூசையில்லை; பொருளுரைக்கும் பலகை உண்டு. ஆடலைப் பேரண்ட இயக்கத்தின் உருவகமாகக் காணும் அந்த விளக்கத்திற்கு மேலைநாட்டில் வித்திட்டவர்களுள் முதன்மையானவர் ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பில் பிறந்த அவர் நிலவியலில் இலண்டன் பல்கலைக்கழக முனைவர் பட்டம் பெற்று, இலங்கையின் கனிமவள ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர். பின்னர் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றினார். சிவநடனம் பற்றிய அவருடைய கட்டுரையைத் தலைப்பாகக் கொண்ட நூல் 1918இல் வெளிவந்தது. கல்லை ஆய்ந்தவரே உலோகச் சிலையையும் விளக்கினார் என்பதால், ஸ்நோ வருந்திய பிளவு அவரளவில் இல்லை எனலாம்.

எனினும் சாத்தன் அங்கே வந்து நின்றால் மகிழ்வானா? கோயிலில் வேண்டுதல் சிலையை மறைத்தது. ஆய்வகத்தில் விளக்கம் மறைத்துவிடக்கூடும். பலகையைப் படித்து முடித்தவர் சிலையையும் பார்த்துவிட்டதாக எண்ணிக்கொள்வது இயல்பு. ஒரு மாணவி இதனை எனக்கு உணர்த்தினார். "கோயிலுக்கு வந்தவர்கள் சிலையிடம் எதையேனும் கேட்டார்கள்; நாங்கள் கேட்பதே இல்லையே" என்றார் அவர். அவ்வகுப்பில் அன்று அதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை.

2. கேட்போரைக் கண்டடைந்த இசை

தி. ஜானகிராமன் (1921–1982) இசையறிவு மிக்கவர். அகில இந்திய வானொலியில் பணியாற்றியவர். கண்ணுக்குப் புலப்படாத கேட்போரை நோக்கிப் பேசுவது அவருடைய அன்றாடத் தொழிலாயிருந்தது. அவருடைய 'செய்தி' நாகசுர வித்துவானான பிள்ளை ஒருவரைப் பற்றியது. மரபிசையில் ஊறிய அவருக்கு, மகன் கூட்டத்தின் விருப்பத்திற்கேற்ப மெல்லிசையை வாசிப்பது வேதனை தருகிறது. இந்நிலையில் மேலைநாட்டு இசைக்குழுவொன்றின் தலைவரான போல்ஸ்கா, நம் இசையைக் கேட்க விரும்பி ஒரு வக்கீலின் வீட்டிற்கு வருகிறார். பிள்ளை வாசிக்கிறார். சாமா ராகத்தில் அமைந்த தியாகராசரின் 'சாந்தமு லேக' என்னும் கீர்த்தனை ஒலிக்கும்போது விருந்தினர் தம்மை இழக்கிறார். போரும் கூச்சலும் நிறைந்த உலகுக்கான அமைதியின் செய்தியொன்று அதில் இருப்பதாக அவர் உணர்கிறார். அமைதியின்றி இன்பமில்லை என்பதே அக்கீர்த்தனையின் பொருள் என்று அவருக்கு எவரும் முன்னர்ச் சொல்லவில்லை.

இசைக்கு மொழியில்லை என்னும் தேய்ந்த கூற்றுக்கு இக்கதையைச் சான்றாக்குவோர் உளர். அவ்வாறு கொண்டால் கதை சிறுத்துவிடும். மூன்று கூறுகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, நாகசுரம் சொற்களை ஒலிப்பதில்லை. தமிழ் வித்துவான் ஒருவர் தெலுங்குக் கீர்த்தனையொன்றை மேலைநாட்டார் ஒருவருக்கு வாசிக்கிறார். அக்கீர்த்தனையின் சொற்கள் அங்கே ஒலிக்கவே இல்லை. இரண்டாவது, கேட்பவர் வெறும் பயணியல்லர். அவரும் இசைவாணர், செவியைப் பல ஆண்டுகள் பழக்கியவர். அறியாத இசையின் முன் அமைதியாக அமரும் பொறுமை அவருக்கு உழைப்பால் வந்தது. மூன்றாவது, அவ்விருவருக்கும் இடையில் வக்கீல் இருக்கிறார். இசை தானே கடந்து சென்றது. அது கடந்தது என்பதைப் பிள்ளை அறிந்துகொள்ள மொழிபெயர்ப்பவர் தேவைப்பட்டார். தம் வாசிப்பு சென்று சேர்ந்தது என்று அறியும் அக்கணத்தில் பிள்ளைக்கும் அவருடைய இசை புதிதாகிறது. கேட்போர் உறுப்பாவது என்பதன் பொருள் இதுவே.

அருகிலுள்ள மகனுக்குக் கேளாதது தொலைவிலிருந்து வந்தவருக்குக் கேட்டது. புலம்பெயர்ந்த நாட்டில் தமிழ் கற்பிக்கும் எவரும் இவ்விடத்தைத் தயக்கமின்றிக் கடந்துவிட இயலாது. நம் வகுப்பறைகளில் தமிழரல்லாத மாணவர் ஒருவர் குறுந்தொகைப் பாடலொன்றைக் கேட்டு மெய்மறப்பதையும், நம் பிள்ளைகள் அதனை வீட்டுக் கடமையாக மட்டும் எண்ணி முடிப்பதையும் ஒரே நாளில் காண்கிறோம். பிள்ளைகளைக் குறைகூறுவது எளிய வழி. கூட்டம் விரும்பியதை வாசித்த அம்மகனுக்கும் தன் கேட்போர் யாரென்ற எண்ணம் இருந்தது என்பதை மறத்தலாகாது. தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான வேறுபாடு, யாரைக் கேட்போராகக் கொள்வது என்பதில்தான் உள்ளது.

3. கேட்போர் மறுக்கப்பட்ட மருத்துவம்

சுஜாதா (1935–2008) மின்னணுவியல் பொறியாளர். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் முக்கியப் பங்காற்றியவர். அறிவியலைத் தமிழில் எளிமையாக எழுதிப் பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றவர். அவருடைய அறிவியற் புனைகதைகளைப் பற்றிக் கட்டுரைகள் பல உள. ஆயினும் அறிவியலும் மனித அனுபவமும் சந்திக்கும் இடத்தை அவர் மிக ஆழமாகத் தொட்டது, எந்திரமனிதர் எவருமில்லாத 'நகரம்' என்னும் கதையிலேயே என்பது என் துணிபு.

வள்ளியம்மாள் தன் மகள் பாப்பாத்தியைக் காய்ச்சலோடு சிற்றூரிலிருந்து மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறாள். பெரிய டாக்டர் மாணவர் சூழ அச்சிறுமியைச் சோதிக்கிறார். மூளையுறை அழற்சி என்று உடனே உணர்கிறார். அதனை ஆங்கிலத்தில் மாணவருக்கு விளக்குகிறார். சிறுமியைச் சேர்த்துக்கொள்ளப் பணிக்கிறார். அதன்பின் சீட்டுகள், வரிசைகள், அறைகள், வினாக்கள் எனத் தாய் அலைக்கழிக்கப்படுகிறாள். இறுதியில் இடமில்லை, நாளைக் காலை வருக என்று சொல்லப்படுகிறது. அவள் மகளை எடுத்துக்கொண்டு ஊர் திரும்ப முடிவு செய்கிறாள். பெரிய டாக்டர் அச்சிறுமியை நினைவுகூர்ந்து தேடும்போது அவள் அங்கில்லை. காலைவரை அவள் உயிர் தாங்காது என்பதை அவர் அறிவார், தாய் அறியாள்.

இது அரசு அலுவல் முறையைச் சாடும் கதை என்பது பொதுவான வாசிப்பு. அது தவறன்று. ஆனால் இக்கதையில் கொடியவர் எவருமில்லை என்பதை நோக்க வேண்டும். டாக்டரின் அறிவில் குறையில்லை. நோயை அவர் கண்டறிந்த விரைவும் துல்லியமும் மருத்துவத்தின் வெற்றியே. அவருக்கு அக்கறையும் உண்டு. அவர்தாம் இறுதியில் தேடுகிறார். அவ்வாறாயின் சிறுமியை இழக்கச் செய்தது எது? நோயின் பெயரும், நேரம் எவ்வளவு குறைவு என்பதும் அறையிலிருந்த மாணவர் அனைவருக்கும் சொல்லப்பட்டன. உயிரோடு மிக நெருங்கிய தொடர்புடைய ஒருத்திக்கு மட்டும் சொல்லப்படவில்லை. சேர்த்துவிடு, பார்த்துக்கொள்கிறோம் என்ற அளவிலேயே அவளுக்கு விடை கிடைத்தது. இன்றே, இப்பொழுதே என்னும் இரண்டு சொற்களை அவள் அறிந்திருந்தால் அந்த வாயிலைவிட்டு அகன்றிருப்பாளா?

கூற்று அங்கே நிகழ்ந்தது. களனும் காலமும் இருந்தன. கேட்போர் தவறாகத் தெரிந்தெடுக்கப்பட்டனர். சங்கம் இருந்து தமிழாய்ந்ததாக மரபு போற்றும் மதுரையில், தமிழ் மட்டுமே அறிந்த தாயொருத்திக்குத் தமிழில் ஒரு வாக்கியம் சொல்லப்படவில்லை. சுஜாதா இதனை எங்கும் எடுத்துரைப்பதில்லை. மதுரையைப் பல்வேறு மொழியினர் எவ்வாறெல்லாம் அழைத்தனர் என்னும் குறிப்போடு கதையைத் தொடங்கிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

முடிவும் இதனோடு இயைந்தது. திரும்பும் வழியில் வள்ளியம்மாள் வைத்தீஸ்வரன் கோயிலுக்குக் காணிக்கை நேர்ந்துகொள்கிறாள். மூடநம்பிக்கை என்று இதனை ஒதுக்குவோர் அத்தலத்து இறைவனின் பெயரை எண்ணிப் பார்ப்பதில்லை. வைத்தியர்க்கெல்லாம் ஈசன் என்பது அதன் பொருள். மருத்துவத்தை விட்டு அவள் விலகவில்லை. தன் மொழியில் தன்னைக் கேட்கும் மற்றொரு மருத்துவனிடம் போகிறாள். அவன் பாப்பாத்தியைக் காப்பாற்றப் போவதில்லை என்று வாசகர் அறிவர். பொறியாளரான ஆசிரியர் அவளுடைய நம்பிக்கையை ஏளனமும் செய்யவில்லை, ஏற்கவும் இல்லை. சாத்தனின் கனவில் வீடுபேறு வேண்டி வந்த நிழல்களை இங்கே மீண்டும் நினைக்கலாம். அவர்களுள் எத்தனை வள்ளியம்மாள்கள் இருந்தனரோ?

4. கலைச்சொல்லும் பேச்சும்

அறிவியல் தமிழ் என்றவுடன் நம் மாநாடுகளில் பெரிதும் பேசப்படுவது கலைச்சொல்லாக்கமே. அப்பணியின் பெருமையைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. பெ. தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்ததை எண்ணி எத்தமிழரும் பெருமிதம் கொள்ளலாம். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822–1884) மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். தம் மாணவர் ஊர் மக்களிடையே மருத்துவம் செய்ய வேண்டியவர் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அம்முயற்சியில் சொற்களும் கேட்போரும் சேர்ந்தே நினைக்கப்பட்டனர். பிற்காலத்தில் சொற்கள் பெருகின. கேட்போரைப் பற்றிய நினைவு அதே அளவில் பெருகவில்லை.

இவ்விடத்தில் என் வாழ்விலிருந்து ஒன்றைச் சொல்ல அவையோர் இசைவர் என நம்புகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் வாழும் நகரிலுள்ள மருத்துவமனையொன்றில் என் தாயாரைச் சோதித்தனர். புலம்பெயர்ந்த குடும்பங்களில் வழக்கமாக நிகழ்வதுபோல மொழிபெயர்க்கும் பொறுப்பு பதினான்கு வயதுப் பேத்தியிடம் விழுந்தது. மருத்துவர் கனிவாகவே விளக்கினார். பேத்தி ஓரிடத்தில் நின்றுவிட்டாள். அவ்வுறுப்பின் தமிழ்ப் பெயர் அவளுக்குத் தெரியவில்லை. அருகிலிருந்த நான் 'கணையம்' என்றேன். தமிழாய்வில் முனைவர் பட்டம் பெற்ற மகன் உரிய கலைச்சொல்லை எடுத்துக் கொடுத்துவிட்டான்.

அம்மா என்னைப் பார்த்தார். "அது எங்கை மோனை இருக்கு?" என்று கேட்டார்.

அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு அச்சொல்லும் அயல்மொழியே. அவருடைய வயிற்றில் கைவைத்து, "இதுக்குப் பின்னாலை, அம்மா. சாப்பாட்டைச் செமிக்கப் பண்ணுறது" என்றேன். "அதுதான் முதுகுப் பக்கமும் நோகுது" என்றார் அவர். மருத்துவருக்கு அதனைப் பேத்தி சொன்னாள். அதுவரை மருத்துவர் கேட்டிராத செய்தி அது. சில மாதங்களில் அம்மா மறைந்தார். தம் நோய் எங்கே இருந்தது என்பதை அறிந்தே மறைந்தார்.

'நகரம்' கதையை அதற்கு முன் இருபது ஆண்டுகளாகக் கற்பித்திருக்கிறேன். பெரிய டாக்டரின் நாற்காலியில் ஒருமுறை நானும் அமர்ந்திருந்தேன் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

முடிவுரை

மூன்று கதைகளையும் இணைத்து நோக்கும்போது மூன்று நிலைகள் புலனாகின்றன. 'சிற்பியின் நரகம்' கதையில் கலை முன் நிற்பவரை அடையவில்லை. கலைஞனும் அவர்களை அடைய முயலவில்லை. 'செய்தி' கதையில் பயின்ற செவியும் இடைநின்ற மொழிபெயர்ப்பும் சேர்ந்து கூற்றை நிறைவு செய்தன. 'நகரம்' கதையில் பிழையற்ற அறிவு உரியவரிடம் பேசாமையால் பயனற்றுப் போயிற்று. கலைக்கும் அறிவியலுக்கும் இடையே ஸ்நோ கண்ட பிளவு இக்கதைகளில் முதன்மை பெறவில்லை. எதிரில் நிற்பவரை உறுப்பாகக் கொள்ளாதபோது கலை அடையும் கேட்டையே அறிவியலும் அடைகிறது என்பது இவற்றால் பெறப்படுகிறது.

இதிலிருந்து நம் ஆய்வுலகுக்கு ஒரு கடமை எழுகிறது. தமிழில் அறிவியல் உண்டா, தமிழர்க்குப் பண்டைக் காலத்திலேயே அறிவியல் இருந்ததா என்னும் வினாக்களுக்கு நாம் செலவிட்ட உழைப்பு மிகுதி. அறிவியலைத் தமிழில் யாருக்குச் சொல்கிறோம் என்னும் வினாவையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். புலம்பெயர் நாடுகளில் முதியோர் பெருகிவருகின்றனர், பிள்ளைகள் மொழிபெயர்ப்பாளராகின்றனர். மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய எளிய தமிழை அப்பிள்ளைகளுக்குக் கற்பிப்பது இலக்கியக் கல்விக்குப் புறம்பானது என்று நான் முன்பு எண்ணியதுண்டு. இன்று அவ்வாறு எண்ணவில்லை. 'நகரம்' கதையைப் பாடமாக வைக்கும் வகுப்பில், வள்ளியம்மாளுக்கு அந்நோயை ஐந்து வாக்கியங்களில் விளக்குமாறு மாணவரைப் பணிக்கிறேன். எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. எழுதியவற்றைத் தம் வீட்டு முதியவர் ஒருவரிடம் படித்துக் காட்டி, அவர் கேட்கும் முதல் வினாவை எழுதிவர வேண்டும் என்பது அப்பயிற்சியின் இரண்டாம் பகுதி. மதிப்பெண் அந்த வினாவுக்கே வழங்கப்படுகிறது.